312 கி.மீ. என்ற கார் 210 காட்டுகிறது: ஏழரை லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: திருச்சியில் தனியார் கல்லூரி ஒன்றில் பணிபுரிகிறேன். தினமும் 40 கி.மீ. ஓட்டம், மாதம் இருமுறை மதுரையில் இருக்கும் பெற்றோரைப் பார்த்து, ஓர் இரவு தங்கித் திரும்புவேன். 2021 ஜூலையில் பதிவான டாடா நெக்ஸான் மின்சார கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 62,000 கி.மீ. ஓடியது, ஏழரை லட்சம் கேட்கிறார்கள். முழு சார்ஜில் 312 கி.மீ. ஓடும் என்று அன்று விளம்பரம் செய்தார்கள். இப்போது திரையில் 210தான் காட்டுகிறது. பேட்டரி மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதா? வைப்பு நிதியில் 5 லட்சம் இருக்கிறது. அதில் ஒன்றரை லட்சம் எடுத்து, மீதி 6 லட்சத்தை 12 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்க நினைக்கிறேன். சரியா?

பதில்: பேட்டரி பற்றிய உங்கள் பயத்துக்கு அந்த 210 ஆதாரமாகாது. கவலைப்பட வேண்டியது ஐந்தாண்டுக் கடனைப் பற்றித்தான்.

312 என்பது ஆய்வுக்கூடத்து எண். உருளைகள் மேல் கார் ஓடும், ஏ.சி. இருக்காது, வேகம் பெரும்பாலும் 50ஐத் தாண்டாது. 30.2 யூனிட் பேட்டரி கொண்ட இந்த மாடல் புதிதாக இருந்தபோதே சாலையில் 180 முதல் 220 கி.மீ. வரைதான் கொடுத்தது. திரையில் தெரியும் எண்ணோ, முந்தைய ஓட்டுநர் கடைசியாக எப்படி ஓட்டினார் என்பதை வைத்துக் கார் போடும் உத்தேசக் கணக்கு. நிதானமாக ஓட்டியவரிடம் 210 காட்டிய கார், வேகமாக ஓட்டுபவரிடம் 170 காட்டும்.

பெட்ரோல் காருக்கு நெடுஞ்சாலை லாபம். மின்சார காருக்கு நேர்மாறு. நகரத்தில் பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது, நெடுஞ்சாலையில் அதற்கு வாய்ப்பு குறைவு. 80இலிருந்து 100க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியாக மதுரைக்கு ஏறக்குறைய 135 கி.மீ. போய்ச் சேருவதில் சிக்கல் இல்லை, ஆனால் சார்ஜ் செய்யாமல் அதே நாளில் திரும்ப முடியாது. நீங்கள் இரவு தங்குவதால், பெற்றோர் வீட்டில் நில இணைப்பு (எர்த்) சரியாக உள்ள 15 ஆம்பியர் பிளக் ஒன்று இருந்தால் காலைக்குள் சார்ஜ் ஏறிவிடும். ஒரே நாளில் போய்த் திரும்புபவராக இருந்தால் இந்தக் காரே வேண்டாம் என்றிருப்பேன்.

பேட்டரியின் உண்மை நிலையை நீங்களே ஓரளவு அளந்துவிடலாம். சோதித்துப் பார்க்கும் நாளுக்கு முந்தைய இரவு, மெதுவான சார்ஜரில் 100 சதவீதம் ஏற்றும்படி விற்பவரிடம் சொல்லுங்கள். இந்த வகை பேட்டரியில் முழுதாக ஏற்றாமல் பல வாரம் ஓட்டினால் சதவீதக் கணக்கே பிசகிவிடும். பிறகு 20 சதவீதம் வரை ஓட்டி, பொது வேகச் சார்ஜரில் 80 வரை ஏற்றி, ரசீதைப் பாருங்கள். 60 சதவீதம் ஏற 17 யூனிட் ஆகியிருந்தால், முழு பேட்டரிக்கு 28.3. சார்ஜ் ஏறும்போது வீணாவதற்கு ஐந்து சதவீதம் கழித்தால் சுமார் 27 யூனிட். அதாவது புதிதில் இருந்ததில் 89 சதவீதம். பல்லாயிரம் மின்வாகனங்களின் தரவை அலசிய ஜியோடேப் நிறுவனம் 2024இல் சொன்ன சராசரித் தேய்மானம் ஆண்டுக்கு 1.8 சதவீதம். அந்தக் கணக்கில் ஐந்து ஆண்டில் 9 சதவீதம் போயிருக்கும். நம் ஊர் வெயிலுக்கு இன்னும் சற்றுக் கூட ஆகலாம். எனவே 89 வந்தால் நல்ல கார். 80க்குக் கீழே வந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். இது தோராயக் கணக்குதான் என்பதால் சர்வீஸ் மையத்திலும் பேட்டரி நிலை அறிக்கை வாங்குங்கள்.

இனி கடன். இந்த மாடலின் பேட்டரி உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எது முன்னதோ அது. உங்கள் ஓட்டத்துக்குக் கி.மீ. தீராது, காலம்தான் முதலில் தீரும்: 2029 ஜூலை. ஐந்தாண்டுக் கடன் அதைத் தாண்டி ஓடும். உத்தரவாதம் முடிந்த பிறகு பேட்டரி பழுதானால், மாற்றும் செலவையும் தவணையையும் சேர்த்துச் சுமக்க நேரிடும். அந்த நிலைக்கு உங்களைக் கொண்டுபோகும் எந்தத் திட்டத்துக்கும் நான் சம்மதிக்க மாட்டேன்.

6 லட்சம், ஐந்து ஆண்டு என்றால் தவணை 13,347 ரூபாய். வட்டி மட்டும் இரண்டு லட்சம். பேரம் பேசி விலையை 7 லட்சத்துக்குக் கொண்டுவாருங்கள். வைப்பு நிதியிலிருந்து 3 லட்சம் போடுங்கள். 2 லட்சம் அவசரத்துக்கு இருக்கட்டும். மீதி 4 லட்சத்தை மூன்றே ஆண்டில் கட்டினால் தவணை 13,286. மாதச் சுமை ஏறக்குறைய அதேதான், வட்டியோ 78,000 ரூபாய் சொச்சத்தோடு நின்றுவிடும். 2026 ஜூலைக்கு முன் வாங்கினால், உத்தரவாதம் முடிவதற்குள் கடனும் தீர்ந்துவிடும்.

மின்வாகனக் கடன் வட்டிக்கு வருமான வரியில் 80இஇபி (80EEB) பிரிவுச் சலுகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கே அது.

மின்கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். உங்கள் ஓட்டத்துக்கு இரண்டு மாதத்தில் 400 யூனிட்டுக்குக் குறையாமல் ஆகும், அதில் பெரும்பகுதி உங்கள் வீட்டு மீட்டரில்தான் ஏறும். ஏற்கெனவே 300 யூனிட் ஓடும் வீடு அதனால் 500ஐத் தாண்டும். தாண்டினால் கீழ்ப் படிகளில் இருந்த மலிவு விலையும் போய்விடும். சார்ஜ் செய்யத் தனி இணைப்பு எடுத்தால் என்ன ஆகும் என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். எப்படிப் பார்த்தாலும் பெட்ரோலை விடக் குறைவுதான், ஆனால் விற்பவர் சொல்லும் அளவுக்குக் குறையாது.

பெயர் மாற்றிய பின்னும் பேட்டரி உத்தரவாதம் தொடரும் என்பதை சர்வீஸ் மையத்திடம் எழுத்தில் வாங்குங்கள். வெள்ளத்தில் நின்ற கார் அல்ல என்பதையும் அவர்கள் பதிவேட்டில் பாருங்கள். இவை கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.