ஒரே நாளில் இரண்டு வேளை பயிற்சி: கேள்வி பதில்

கேள்வி (உட்லண்ட்ஸ், 27 வயது): அண்ணா, அடுத்த மாதம் ஐபிபிடி (சிங்கப்பூர் தேசிய சேவையாளர்களுக்கான உடற்தகுதித் தேர்வு). ஒரு நிமிடத்தில் 30 புஷ்அப்தான் வருகிறது. காலை, மாலை இரு வேளையும் கை விழும்வரை எடுக்கலாமா?

பதில்: இரு வேளை தாராளமாக எடுங்கள் தம்பி, கை விழும்வரை வேண்டாம். தசையோடு சேர்ந்து நரம்புக்கும் புஷ்அப் பழக வேண்டும். களைக்காமல் அடிக்கடி செய்தால் அந்தப் பழக்கம் நன்றாகப் படியும். 30 வருகிறவருக்கு ஒரு தடவைக்கு 15 போதும். எழுந்ததும் ஒரு தடவை, வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை, திரும்பி வரும்போது புளோக் கீழே உடற்பயிற்சி மூலையில் ஒரு தடவை, அப்புறம் இரவில் ஒன்று. நாளுக்கு 60 ஆகிவிடும். இடுப்பு தொய்ந்தாலோ முழங்கை நடுங்கினாலோ அந்தச் சுற்றை நிறுத்திவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. தேர்வுக்கு முந்தைய இரண்டு நாளும் ஓய்வு. உங்கள் வயதில் நான் இரு வேளையும் முடிகிறவரை எடுத்தேன். மூன்றாவது வாரம் தோள் வலியில் சட்டைக்குள் கையை நுழைக்க முடியவில்லை.

கேள்வி (அங் மோ கியோ): பல்கேரியப் பளுதூக்கும் வீரர்கள் தினம் பல வேளை தூக்கினார்களாமே?

பதில்: இவான் அபாஜியேவ் பயிற்றுவித்த காலத்தில், ஆமாம். அவர்களுக்கு அதுவே முழுநேர வேலை. 1988 சோல் ஒலிம்பிக்கில் அந்த அணியில் இருவரின் தங்கப் பதக்கம் ஊக்கமருந்தால் பறிபோனதையும் மறக்க வேண்டாம். அலுவலகம் போய் வருபவர் அந்த அட்டவணையைப் பின்பற்றக் கூடாது.

கேள்வி (யீஷூன், 52 வயது): தம்பி, காலையில் ஜிம்மில் ஸ்குவாட் செய்கிறேன். மாலையிலும் காலுக்கே செய்யலாமா?

பதில்: வேண்டாம் அக்கா. மாலையில் முதுகு, தோள் செய்யுங்கள். இடையில் ஆறு மணி நேரமாவது இருக்கட்டும். ஒரு வேளையில் 12 செட் செய்கிறீர்கள் என்றால் ஆறு ஆறாகப் பிரியுங்கள், 24 ஆக்காதீர்கள்.

கேள்வி (துவாஸ், இரவு ஷிஃப்ட்): ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறேன். இரு வேளை முடியுமா?

பதில்: இப்போதைக்கு ஒரு வேளை போதும். உடல் தேறுவது தூக்கத்தில்தான்.

கேள்வி: அளவு மீறியதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: காலையில் படுத்தபடியே நாடியை எண்ணிக் குறித்து வையுங்கள். சில நாள் தொடர்ந்து வழக்கத்தைவிடக் கூடினால், தூக்கம் கெட்டால், நேற்று தூக்கிய எடை இன்று கனத்தால், ஒரு வாரம் பாதியாகக் குறையுங்கள். கடும் தசைவலியோடு சிறுநீர் தே ஓ (பாலில்லாத் தேநீர்) நிறத்தில் போனால் அது வேறு. தசை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், காலைவரை காத்திருக்காதீர்கள்.