டாம் பெட்டி ஹிட்ஸ் சிடி: 350 ரூபாய்க்குத் தகுமா?

தாராளமாக வாங்கலாம். அமெரிக்க ராக் பாடகர் டாம் பெட்டியின் 'ஃபுல் மூன் ஃபீவர்' ஆல்பம் கையில் இருக்க, கும்பகோணம் பழைய சிடி கடையில் 350 ரூபாய் கொடுத்து அவருடைய 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். இதிலுள்ள 18 பாட்டில் 3 மட்டும்தான் அந்த ஆல்பத்தில் இருப்பவை.

ஹிட்ஸ் தொகுப்பு என்றாலே கம்பெனி காசுக்காகப் போட்டது என்ற எண்ணம்தான் உங்களைத் தயங்க வைக்கிறது போல. பல தொகுப்புகளுக்கு அது சரி, இதற்குப் பொருந்தாது, ஏனென்றால் 'மேரி ஜேன்ஸ் லாஸ்ட் டான்ஸ்' இதில்தான் முதலில் வந்தது, அவருடைய எந்த ஸ்டூடியோ ஆல்பத்திலும் கிடையாது, என்னைக் கேட்டால் அந்த ஒரு பாட்டுக்கே இந்த விலை கொடுக்கலாம்.

பின்னட்டையில் 'சம்திங் இன் தி ஏர்' என்ற பாட்டு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 1993இல் வந்த மூலப் பட்டியல். 2008 மறுபதிப்பில் அதை எடுத்துவிட்டு பாடகி ஸ்டீவி நிக்ஸுடன் அவர் பாடிய பாட்டைச் சேர்த்தார்கள். எனக்குப் பழையதுதான் பிடிக்கும்.

அப்புறம் சிடியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஊசித்துளை மாதிரி ஒளி தெரிந்தால் விட்டுவிடுங்கள். நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் கிடந்த சிடி என்றால் அலுமினியப் பூச்சு அரித்திருக்கலாம்.

ஒன்று, 1994இல் வந்த 'வைல்ட்ஃபிளவர்ஸ்' ஆல்பத்தின் பாட்டுகள் இதில் இருக்காது, அதைத் தனியாகத்தான் தேட வேண்டும்.