பராமரிப்பு முடிந்து ஹேங்கரிலிருந்து வந்த விமானத்தில் ஏர்ஸ்பீடு (காற்றில் விமானத்தின் வேகம்) குறைவாகக் காட்டுகிறது: மீட்டரை மாற்றலாமா?

வேண்டாம். பராமரிப்புக்கு முன்பு சரியாக இருந்து, பிறகு தப்பாகக் காட்டினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கை பட்ட இடத்தை: பிட்டோ (எதிர்க்காற்றின் அழுத்தத்தை எடுக்கும் குழாய்), ஸ்டேடிக் (சுற்றியுள்ள காற்றின் சாதாரண அழுத்தத்தை எடுப்பது) லைன்கள், அவற்றின் இணைப்புகள், வெளியே உள்ள துளைகள்.

உங்களுடையது கேபின் அழுத்தமில்லாத சிறிய பயிற்சி விமானம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஆல்டிமீட்டர் (உயரம் காட்டும் மீட்டர்) சரியாக இருந்து ஏர்ஸ்பீடு மட்டும் குறைந்தால் பிட்டோ லைனில் கசிவு. ஏறும்போது ஆல்டிமீட்டர் நகராமல் நின்று, ஏர்ஸ்பீடும் குறைந்துகொண்டே போனால் ஸ்டேடிக் துளை அடைத்திருக்கிறது. அதே அடைப்போடு இறங்கினால் வேகம் கூடுதலாகக் காட்டும், அது இன்னும் மோசம். இரண்டு மீட்டருமே கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் கேபினுக்குள் ஸ்டேடிக் லைன் கழன்றிருக்கும், அல்லது மாற்று ஸ்டேடிக் வால்வை (வெளித்துளை அடைத்தால் கேபின் காற்றிலிருந்து அழுத்தம் எடுக்க உள்ளது) யாரோ திறந்தே விட்டிருப்பார்கள்.

கசிவுச் சோதனை இல்லாமல் பேனலை மூடாதீர்கள். ஸ்டேடிக் பக்கம் மெதுவாக உறிஞ்சி, ஆல்டிமீட்டரை இருக்கும் உயரத்துக்கு மேல் 1,000 அடி வரை ஏற்றி, லைனை அடைத்து ஒரு நிமிடம் பாருங்கள். 100 அடிக்கு மேல் இறங்கக் கூடாது. பிட்டோ பக்கம் காற்றழுத்தம் கொடுத்து ஏர்ஸ்பீடு மீட்டரை 150 நாட் (விமான வேகத்தின் அளவு) வரை கொண்டுபோய் அடைத்தால், ஒரு நிமிடத்தில் 10 நாட்டுக்கு மேல் குறையக் கூடாது. பிட்டோவில் உறிஞ்சவே கூடாது, ஸ்டேடிக்கில் ஊதவே கூடாது, விடும்போதும் மெல்ல விட வேண்டும். இல்லையென்றால் நல்ல மீட்டரும் கெடும். லைனைச் சுத்தம் செய்யக் காற்றடிப்பதாக இருந்தால் முதலில் மீட்டர்களைக் கழற்றிவிடுங்கள். (மேனுவலை மீறச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். மேலே உள்ளவை பொதுவான அளவுகள்; உங்கள் மேனுவல் சொல்வதே முடிவு.)

இந்தச் சோதனையே ஒரு ஆபத்தையும் கொண்டுவரும். பிட்டோவின் வடிகால் துளையையும் மறுபக்க ஸ்டேடிக் துளையையும் டேப் ஒட்டித்தான் அடைப்பீர்கள். அதை எடுக்க மறந்தால் என்ன ஆகும்? 1996 அக்டோபர் 2 அன்று ஏரோபெரு 603, ஒரு போயிங் 757, லிமாவிலிருந்து இரவில் கிளம்பியது. கழுவி மெருகேற்றும்போது ஸ்டேடிக் துளைகள் மேல் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. கடலில் மோதும்போதும் ஆல்டிமீட்டர் சுமார் 9,700 அடி காட்டியது. தரைக் கட்டுப்பாட்டு நிலையம் திருப்பிச் சொன்ன உயரமும் அதே கெட்ட ஸ்டேடிக்கை வைத்து விமானமே அனுப்பியதுதான். 70 பேரும் இறந்தார்கள்.

இதை எங்கே பேசினாலும் டேப்பை எடுக்க மறந்த அந்த ஒரு தொழிலாளியைத்தான் திட்டுகிறார்கள். எனக்கு அது ஆறவில்லை. அந்த டேப்பைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர்களும் பார்க்கவில்லை, சுற்றிப் பார்க்க வேண்டிய விமானியும் பார்க்கவில்லை. உலோகத்தின் நிறத்திலேயே இருக்கும் வெள்ளி டேப்பை இரவில் யார் கண்டுபிடிப்பது?

ஆகவே சிவப்பு அல்லது ஆரஞ்சு டேப், அதில் தொங்கும் ஒரு பட்டை. எத்தனை ஒட்டினீர்கள் என்று வேலைத்தாளில் எழுதுங்கள். அதே எண்ணிக்கை கைக்குத் திரும்பி வந்த பிறகு, ஒட்டாத இன்னொருவர் துளைகளை டார்ச் அடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். துளை ஓரத்தில் பெயின்ட் கட்டியிருக்கிறதா என்றும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.