மனம் திறந்து பேசாத வாழ்க்கைத் துணையை எப்படி அணுகுவது?

மனத்தில் இருப்பதைச் சொல்லாத துணையுடன் எப்படி வாழ்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மௌனத்தை அன்பின்மை என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். அழுதால் அதட்டப்பட்டு வளர்ந்தவர்களில் பலர், உணர்ச்சியை அடக்குவதையே பாதுகாப்பாகக் கற்றுக்கொண்டவர்கள்.

ஒருவர் வற்புறுத்த வற்புறுத்த மற்றவர் மேலும் ஒதுங்குவதும், அந்த ஒதுக்கமே வற்புறுத்தலைக் கூட்டுவதும் உளவியலாளர்கள் நெடுங்காலமாகக் கவனித்துவரும் சுழற்சி. தம்பதியரை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், வாக்குவாதத்தின்போது இதயத் துடிப்பு நிமிடத்திற்கு 100-ஐத் தாண்டினால் பிறர் சொல்வதைச் சரிவர உள்வாங்க இயலாது என்றும், அப்போது குறைந்தது 20 நிமிட இடைவெளி தேவை என்றும் சொல்கிறார். எனவே பேச்சை நிறுத்துவது தோல்வியன்று; மீண்டும் எப்போது பேசுவோம் என்பதையும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

“ஏன் எதையுமே சொல்வதில்லை?” என்பது குற்றச்சாட்டாகவே கேட்கும். “இன்று எது சிரமமாக இருந்தது?” என்ற சிறிய கேள்வியை, முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியிராத நடைப்பயிற்சியின்போது கேட்டுப் பாருங்கள். ஒரே வாக்கியம் சொன்னாலும் அறிவுரை கூறாமல் கேளுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதுவது, அவர் நம்பிச் சொன்னதைப் பின்னொரு சண்டையில் ஒருபோதும் எடுத்துப் பேசாதிருப்பதே.

உங்கள் தனிமையும் உண்மையானது. அதை நம்பகமான நண்பரிடம் பகிருங்கள். மௌனமே தண்டனையாகப் பயன்படுத்தப்பட்டால், பொறுத்துக்கொண்டிராமல் குடும்பநல ஆலோசகரை நாடுங்கள். துணை வர மறுத்தாலும் நீங்கள் தனியே செல்லலாம்.