அண்ணாச்சி, எதை வாசிக்கலாம்? உயிர்கள், உடம்பு, புத்தகங்கள்: கேள்வி பதில்

பாளையங்கோட்டைப் பக்கம் விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், புத்தகம் கேட்டு நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நீட் பயிற்சிப் புத்தகம் கேட்டவர்கள் மன்னிக்கணும், அது என் கடைச் சரக்கு இல்லை.

அண்ணாச்சி, டார்வினை வாசிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. 'ஆரிஜின் ஆஃப் ஸ்பீசீஸ்' எடுத்தேன். மனுஷன் புறாவைப் பற்றியே பேசிக்கிட்டிருக்கார், தூக்கம் வந்துட்டு. வேற வழி உண்டா? (சேரன்மகாதேவி, வாழை விவசாயி)

புறாவில் மாட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. 1859-இல் வந்த அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயமே மனிதன் வளர்க்கும் பிராணிகள், செடிகள் பற்றியதுதான். நீங்கள் விவசாயி, அதனால் மறுமுனையிலிருந்து வாருங்கள். டார்வினின் கடைசிப் புத்தகம் மண்புழுக்களைப் பற்றியது. 1881-இல் வந்தது, அடுத்த வருஷம் ஆள் இல்லை. உலகத்தையே புரட்டிப்போட்டவர் கடைசியில் மண்புழுவில் வந்து உட்கார்ந்தாரே என்று சிரித்தவர்களும் உண்டு. வாசித்தால் சிரிப்பு போய்விடும்.

வீட்டுக்குள் தொட்டிகளில் புழுக்களை வைத்துப் பார்க்கிறார். காது கேட்குமா என்று விசில் ஊதுகிறார், பிள்ளையை விட்டு பஸூன் என்ற பெரிய குழலை வாசிக்கச் சொல்கிறார், பியானோ வாசிக்க வைக்கிறார். புழு அசையவில்லை. அப்புறம் தொட்டியைத் தூக்கி பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையைத் தட்டினால், விருட்டென்று வளைக்குள் போய்விடுகிறது. சத்தம் கேட்பதில்லை, அதிர்வு தெரிகிறது. அடுத்து, புழு இலையை வளைக்குள் இழுக்கும்போது எந்த முனையைப் பிடிக்கிறது என்று பார்க்கிறார். காகிதத்தை முக்கோணமாக வெட்டிப் போட்டு, 303 துண்டுகளை எண்ணி, நூற்றுக்கு 62 கூர்முனையால் இழுக்கப்பட்டதாகக் கணக்கு எழுதுகிறார். சும்மா குருட்டாம்போக்கில் இழுத்தால் அந்தக் கணக்கு வராது என்பது அவர் வாதம்.

எனக்குப் பிடித்தது சுண்ணக்கட்டி விஷயம். 1842-இல் வீட்டுப் பக்கத்து வயலில் உடைத்த சுண்ணக்கட்டியைப் பரப்பிவைத்து, 1871-இல் பள்ளம் தோண்டிப் பார்க்கிறார். அந்த வெள்ளை வரி 7 அங்குலம் கீழே போயிருக்கிறது. சுண்ணம் தானாகப் புதையவில்லை, புழுக்கள் கீழ்மண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தன. இருபத்தொன்பது வருஷம் பொறுத்திருக்கிறார் மனுஷர்! ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில் உங்கள் வாழையடியில் குனிந்து பாருங்கள், இடியாப்பம் பிழிந்ததுபோலச் சின்னச் சின்னக் குவியல் கிடக்கும். புத்தகத்தின் பாதி அதுதான்.

இதை முடித்த பிறகு பழைய புத்தகத்துக்குத் திரும்பி 3, 4, 6 ஆகிய அத்தியாயங்களை மட்டும் முதலில் வாசியுங்கள். ஆறாவதில் தன் கொள்கைக்கு எதிராக என்னென்ன சொல்லலாம் என்று அவரே பட்டியல் போடுகிறார். கண் போன்ற ஓர் உறுப்பு எப்படிப் படிப்படியாக வந்திருக்கும் என்ற கேள்வி உட்பட. தமிழில் ராஜ் கௌதமன் மொழிபெயர்த்திருக்கிறார்.

அரையாண்டு லீவில் பிள்ளைகளைக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிட்டுப் போறோம் சார். கையில் என்ன புத்தகம் கொண்டு போக? (மூலைக்கரைப்பட்டி, ஆசிரியை)

தமிழில் என்றால் ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய 'பறவைகள்: அறிமுகக் கையேடு'. பிள்ளைகள் தாங்களே புரட்டிக்கொள்ளும். கொஞ்சம் விவரமாக வேண்டுமென்றால் க. ரத்னத்தின் 'தமிழ்நாட்டுப் பறவைகள்'. ஆங்கிலத்தில் சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் புத்தகம், முதல் பதிப்பு 1941. இத்தனை வருஷம் கழித்தும் அதன் சுருக்கமான நடைக்கு ஈடில்லை.

குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இருந்தால் வரித்தலை வாத்துகள் வந்திருக்கும், தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடு. திபெத், மங்கோலியப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி நாங்குநேரித் தாலுகாவுக்கு வருகிற பிராணி அது. அதைப் பார்த்த கையோடு கொன்ராட் லாரன்ஸின் 'கிங் சாலமன்ஸ் ரிங்' வாசிக்கலாம். முட்டையிலிருந்து வந்ததும் தன்னையே தாயென்று நினைத்துப் பின்னாலேயே வருகிற வாத்துக் குஞ்சுகளுக்காக மனுஷர் படுகிற பாடு இருக்கிறதே, பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட அதைவிட நல்ல பகுதி கிடையாது. 1973-இல் நோபல் பரிசு வாங்கினவர். நாஜிக் கட்சி உறுப்பினராக இருந்தவர் என்பதையும் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

எங்க விளையில நிக்கிற பனையில தூக்கணாங்குருவி பாதிக் கூடு கட்டி அப்படியே விட்டுட்டுப் போயிருக்கு, ஒண்ணு இல்ல, நாலஞ்சு. மழைக்குப் பயந்தா? இதுக்கெல்லாம் புத்தகம் இருக்கா அண்ணாச்சி? (திசையன்விளை)

இருக்கிறது தம்பி. சாலிம் அலியின் தன்வரலாறான 'தி ஃபால் ஆஃப் எ ஸ்பாரோ', 1985. வேலை இல்லாமல் பம்பாய்க்கு எதிர்க்கரையில் கிஹிம் என்ற ஊரில் இருந்தபோது, 1930-இல், பக்கத்து மரத்தில் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூடுகளுக்கு எதிரே ஏணி போட்டு மறைப்பு கட்டி உட்கார்ந்து பார்த்தார். அதுவரை யாரும் சரியாகச் சொல்லாத சங்கதி அப்போதுதான் தெரிந்தது.

கூடு கட்டுவது ஆண். தலைகீழாகக் கவிழ்த்த தொப்பி மாதிரி, நடுவில் குறுக்குப் பட்டையோடு, பாதிவரைக்கும் கட்டி நிறுத்திவிடும். பெண்கள் வந்து உள்ளே நுழைந்து, இழுத்து, அசைத்துப் பார்க்கும். பிடித்தால் அங்கேயே தங்கிவிடும். அப்புறம்தான் ஆண் முட்டை அறையையும் கீழே தொங்கும் குழாயையும் கட்டி முடிக்கும். முடித்ததும் அது பிள்ளை வளர்க்க உட்காராது, பக்கத்து ஓலையில் அடுத்த கூடு, அடுத்த பெண். பெண்களுக்குப் பிடிக்காத கூடு அப்படியே நின்றுவிடும். ஆக உங்கள் பனையில் தொங்குவது மழையில் பயந்து விட்டதில்லை, பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன வீடுகளாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கீழே விழுந்த பாதிக் கூடு கிடைத்தால் உள்ளே தடவிப் பாருங்கள், சில கூட்டில் களிமண் அப்பியிருக்கும். அந்தப் புத்தகத்தில் ஜெர்மனியில் படித்தது, மோட்டார் சைக்கிள் மோகம் என்று மற்றதும் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது இந்தப் பகுதிக்குத்தான்.

வாப்பாவுக்கு சுகரில் முழங்காலுக்குக் கீழே எடுத்தாச்சு. இல்லாத பாதம் அரிக்குதுங்கிறாங்க, ராத்திரி தூங்க முடியல. வீட்டுல சிலர் மனப்பிரமைன்னு சொல்லுதாங்க. இதைப் பற்றி வாசிக்க ஏதாவது? (மேலப்பாளையம்)

பிரமை என்று சொல்பவர்களை முதலில் வாய் மூடச் சொல்லுங்கள். வாப்பா சொல்வது உண்மை. கை கால் எடுத்தவர்களில் மிகப் பலருக்கும் இது வருகிறது.

வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லியில் படித்த நம்மூர் டாக்டர், சான்ட்ரா பிளேக்ஸ்லீயோடு சேர்ந்து எழுதிய 'ஃபேன்டம்ஸ் இன் தி பிரெய்ன்' (1998) வாசியுங்கள். கை இழந்த ஓர் இளைஞனைக் கண்ணைக் கட்டி உட்காரவைத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் முகத்தைத் தொடுகிறார். கன்னத்தைத் தொட்டால் அந்தப் பையனுக்கு இல்லாத கையின் கட்டைவிரலையும் தொட்டதாகத் தெரிகிறது. மூளையில் உடம்பின் வரைபடம் ஒன்று இருக்கிறது, அதில் கைக்கான இடமும் முகத்துக்கான இடமும் பக்கத்துப் பக்கத்து மனை. கை போனதும் முகத்தின் செய்தி அந்தக் காலி மனைக்குள் புகுந்துவிட்டது என்பது அவர் விளக்கம். பெரிய இயந்திரம் ஒன்றும் கிடையாது, குச்சியும் பஞ்சும்தான். வலிக்கு அவர் செய்து பார்த்ததும் அப்படித்தான், ஒரு பெட்டியில் நிறுத்திய சாதாரணக் கண்ணாடி. நல்ல கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி வைத்து அசைக்கச் சொன்னார். சிலருக்கு இறுகிக்கிடந்த கை விரிந்ததுபோல இருந்து வலி குறைந்தது. காலுக்கும் இந்தக் கண்ணாடிப் பயிற்சியைத் தருகிறார்கள், எல்லோருக்கும் பலிப்பதில்லை.

புத்தகம் நமக்குப் புரிந்துகொள்ளத்தான். மருந்தும் பயிற்சியும் டாக்டரிடம் கேளுங்கள். எடுத்த இடத்தில் சிவப்போ புண்ணோ இருந்தால் அதே நாளில் காட்டிவிடுங்கள்.

'தி செல்ஃபிஷ் ஜீன்' வாசிச்சுட்டு என் ரூம்மேட் மனுஷன் பொறப்பிலேயே சுயநலக்காரன், உதவியெல்லாம் நடிப்புன்னு அளக்கான். உண்மையா சார்? (வண்ணார்பேட்டை, கல்லூரி மாணவர்)

அட்டையை மட்டும் வாசித்திருப்பான் போல. டாக்கின்ஸ் 1976-இல் சொன்னது மரபணுவைப் பற்றி, உன் ரூம்மேட்டைப் பற்றி இல்லை. வேலைக்கார எறும்பு தன் புற்றுக்காகச் சாகிறதே, அது ஏன் என்பதற்கு விளக்கம் தேடுகிற புத்தகம் அது. அந்த எறும்புக்குள் இருக்கிற மரபணு அதன் கூடப்பிறந்தவர்களிடமும் இருக்கிறது, ஒன்று செத்தாலும் மற்றவை வழியாகப் பெருகும். 1964-இல் ஹாமில்டன் என்ற உயிரியலாளர் போட்ட கணக்கு இது. மரபணு 'சுயநலமாக' இருப்பதால்தான் பிராணி விட்டுக்கொடுக்கிறது என்று வருகிறது, அவன் சொல்வதற்கு நேர் எதிர்.

டெஸ்மண்ட் மாரிஸின் 'தி நேக்கட் ஏப்' (1967) பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். ரயிலில் வாசிக்க நன்றாக இருக்கும். ஆனால் மனிதக் குரங்கு மூதாதை இப்படி இருந்திருக்கும், அதனால் நாம் இப்படி என்று அடுக்கிக்கொண்டே போவார். யார் போய்ப் பார்த்தது? புழுவுக்கு முன்னால் உட்கார்ந்தவரையும் கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவரையும் நம்புகிற அளவுக்கு இவரை என்னால் நம்ப முடியவில்லை.

நம்ம ஊர்க்காரங்க யாரும் இந்த மாதிரி எழுதலையா அண்ணாச்சி? (களக்காடு)

எழுதாமல் என்ன? இருவரைச் சொல்கிறேன். மா. கிருஷ்ணன், 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். படமும் அவரே வரைந்துகொள்வார். காட்டு யானையைப் பற்றி எழுதுகிற அதே அக்கறையோடு வீட்டுப் பல்லி, காக்கை, அணில் பற்றியும் எழுதுவார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று வந்திருக்கிறது. களக்காட்டுக்காரர் நீங்கள், இன்றைக்கே வாங்குங்கள்.

இன்னொருவர் ஏ. ஜே. டி. ஜான்சிங், நாங்குநேரி. சிவகாசியில் கல்லூரி வாத்தியாராக இருந்துகொண்டே பந்திப்பூர் போய், 1976 முதல் 1978 வரை செந்நாய்களின் பின்னால் நடந்தார். இந்தியர் ஒருவர் பெரிய காட்டுப் பாலூட்டியை இப்படிக் காட்டிலேயே தொடர்ந்து ஆராய்ந்தது அதுதான் முதல். அந்தக் காலத்தில் செந்நாய் என்றால் சுட வேண்டிய பிசாசு என்ற நினைப்பு. மான் விழுந்ததும் குட்டிகளை முதலில் தின்னவிட்டுப் பெரியவை காத்து நிற்கிற பிராணி அது. 'ஃபீல்ட் டேஸ்', 'வாக்கிங் த வெஸ்டர்ன் காட்ஸ்' இரண்டும் கிடைக்கும். இரண்டாவதில் நம் களக்காடு முண்டந்துறை மலைகளும் வரும். 2024-இல் காலமானார்.

உடம்பைப் பற்றி ஒரே ஒரு புத்தகம், பயமுறுத்தாமல்? (தென்காசி, இல்லத்தரசி)

பில் பிரைசனின் 'தி பாடி', 2019. தலையிலிருந்து கால்வரை வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு போவார். சித்தார்த்த முகர்ஜியின் 'தி எம்பரர் ஆஃப் ஆல் மேலடீஸ்' (2010) இதைவிடப் பெரிய புத்தகம், புற்றுநோயின் வரலாறு. மார்பகப் புற்றுக்கு ஹால்ஸ்டெட் போன்ற அறுவை மருத்துவர்கள் இன்னும் ஆழமாக, இன்னும் அகலமாக வெட்டிக்கொண்டே போனதும், அவ்வளவு வெட்டியதில் பயனில்லை என்று காட்ட பல பத்தாண்டுகள் ஆனதும் நெஞ்சை உலுக்கும். வீட்டில் யாருக்காவது இப்போது சிகிச்சை நடந்தால் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள்.

பாம்புப் புத்தகம்? (மாஞ்சோலை)

விட்டேக்கரும் அசோக் கேப்டனும் எழுதிய 'ஸ்நேக்ஸ் ஆஃப் இந்தியா', 2004. படங்கள் அருமை. கடித்த பிறகு புத்தகம் திறந்து அடையாளம் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

கன்னி, சிப்பிப்பாறை நாய் வளர்க்கேன், அதுபற்றி? (கங்கைகொண்டான்)

தியடோர் பாஸ்கரனின் 'தி புக் ஆஃப் இந்தியன் டாக்ஸ்', 2017.

எல்லாம் விலை ஜாஸ்தியா இருக்கே அண்ணாச்சி. (பலர்)

டார்வின் எழுதியது முழுவதும் 'டார்வின் ஆன்லைன்' தளத்தில் காசில்லாமல் கிடைக்கும், புழுப் புத்தகமும்தான். மற்றதற்கு மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினர் ஆகிவிடுங்கள். இல்லாத புத்தகத்தை வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள், நாலு பேர் சேர்ந்து கேட்டால் பலன் கூடும். மா. கிருஷ்ணன் மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். அதை இரவல் கொடுத்தால் திரும்பி வராது.