ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டுத் தூங்கினால் போன் பேட்டரி கெட்டுப்போகுமா?

கேட்டவருக்குத் திருப்பூர், பனியன் கம்பெனி வேலை. போன் வாங்கிப் பதினோரு மாசம் ஆகிறது. காலையில் நூறோடு கிளம்பினால் மூணு மணிக்கெல்லாம் இருபதுக்கு வந்துவிடுகிறதாம். ராத்திரி சார்ஜில் போட்டுத் தூங்குவதுதான் காரணம் என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கின அன்னைக்கு எட்டு மணி நேரம் சார்ஜ் ஏத்தாததுதான் காரணம் என்கிறார் மச்சான்.

மச்சானை முதலில் விட்டுடுங்க. அந்த எட்டு மணி நேரக் கணக்கும், முழுசா இறக்கிட்டுத்தான் ஏத்தணும் என்கிற பேச்சும் நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துச் சங்கதி. இப்போது போனில் இருப்பது லித்தியம் அயான். அதை முழுசா இறக்குவதுதான் கெடுதல்.

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. நூறு ஆனதும் போனே சார்ஜை நிறுத்திக்கொள்ளும், ராத்திரி பூரா ஏறிக்கொண்டே இருக்காது. ஆனால் நூறு என்றால் உள்ளே செல் சுமார் 4.4 வோல்ட்டில் விறைத்து நிற்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் உள்ளிருக்கும் ரசாயன திரவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து தகடுகள் மேல் படிகிறது. அதில் மாட்டிக்கொண்ட லித்தியம் திரும்பி வேலைக்கு வராது. இதோடு சூடும் சேர்ந்தால் சிதைவு வேகமெடுக்கும். லித்தியம் பேட்டரிக்கு வழக்கமாகக் காட்டும் அட்டவணை ஒன்று உண்டு: 40 சதவீத சார்ஜோடு 25 டிகிரியில் ஒரு வருஷம் சும்மா வைத்தால் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும். முழு சார்ஜோடு 40 டிகிரியில் வைத்தால் 65தான். தொடவே இல்லை, சும்மா வைத்ததற்கே இந்தக் கதி.

நம்ம பக்கம் சித்திரை, வைகாசியில் ஈரோடும் கரூரும் 40 டிகிரியைத் தாண்டுவது புதுசு இல்லை. ஆப்பிள் தன் போன்களுக்குச் சொல்லும் வரம்பே 35 டிகிரி. ஆக ராத்திரி சார்ஜை விட மோசமானது, வண்டி ஹேண்டில்பாரில் போனை மாட்டி, மேப்பை ஓட விட்டு, கூடவே சார்ஜும் போட்டு, உச்சி வெயிலில் காங்கேயத்திலிருந்து தாராபுரம் போவது. வெயில், திரை, ஜிபிஎஸ், சார்ஜ் என்று நாலு சூடும் ஒரே இடத்தில். வண்டியில் போகும்போது மேப் வேணுமானால் வெச்சுக்குங்க, சார்ஜை மட்டும் கழட்டிடுங்க. தகரக் கூரைக்குக் கீழே ஜன்னலோரம் சார்ஜில் போடுவது, தலையணைக்கு அடியில் வைப்பது, கனத்த ரப்பர் கவரோடு ஏத்துவது எல்லாம் இதே ரகம்தான். ஏறும்போது பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்கத் தோணும் அளவுக்குச் சூடு என்றால் கவரைக் கழட்டிக் கல் தரையில் வைங்க. குளிரட்டும் என்று பிரிட்ஜில் வைக்காதீங்க, உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

ராத்திரிதான் வசதி என்றால் தாராளமாக ராத்திரியே போடுங்க, ஆனால் 80 சதவீத வரம்பைப் போட்டுவிட்டு. சாம்சங்கில் அமைப்புகளுக்குள் பேட்டரி பாதுகாப்பு என்று இருக்கும். ஐபோன் 15 முதல் மேலே உள்ளவற்றிலும் 80 வரம்பு உண்டு. அது இல்லாத போனில் காலையில் எழுந்து பல் விளக்கிக் குளித்துச் சாப்பிடும் நேரமே போதும். 5000 எம்ஏஎச் பேட்டரி 30லிருந்து 80க்கு வர, 25 வாட் சார்ஜரில் அரை மணியிலிருந்து முக்கால் மணிதான் ஆகும். கடைசி இருபதுதான் மெதுவாக ஏறும். இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவிலேயே வெச்சுக்கணும் என்பது வேதவாக்கு இல்லை. ஊருக்குப் போகிற நாளில் நூறு ஏத்துங்க, ஒண்ணும் ஆகாது. “எங்கப்பா ஆறு வருஷமா ராத்திரிதான் போடறார், போன் நல்லாத்தான் இருக்கு” என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: நல்லதுங்க, அவர் நாளைக்கு ரெண்டு போன் பேசுகிறவராக இருக்கும்.

இனி உங்க பிரச்சினை. பேட்டரி ஆயுளை எண்ணுவது சுற்றுக் கணக்கில். மொத்தம் நூறு சதவீதம் இறங்கினால் ஒரு சுற்று, அதாவது 50, 50ஆக ரெண்டு தடவை இறங்கினால்தான் ஒரு சுற்று. தினம் ஒரு முழுச் சுற்று என்றாலே பதினோரு மாசத்தில் 330 சுற்றுதான் ஆகியிருக்கும். ஐபோன் 14 வரைக்கும் 500 சுற்றிலும், 15 முதல் 1000 சுற்றிலும் 80 சதவீதம் மிஞ்சும்படி செய்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல் விற்கும் போன்களுக்கு 800 சுற்று கட்டாயம். ஆகவே உங்க பேட்டரி அதற்குள் பாதியாகப் போயிருக்க வாய்ப்பு குறைவு. எனக்குச் சந்தேகம் சிக்னல் மேல்தான். இரும்புக் கூரை போட்ட ஷெட்டுக்குள் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும், 5ஜி என்றால் இன்னும் மோசம். வேலை நேரத்தில் 4ஜிக்கு மாத்தி ரெண்டு நாள் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போது சாயங்காலம் வரை நின்றால் பேட்டரி மேல் குற்றமில்லை. அதே சமயம் 25 சதவீதம் காட்டும்போது கேமரா திறந்ததும் பட்டென்று அணைந்தால், உள்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்சாரத்தை மறிக்கும் தடை, ஏறிப்போன பேட்டரி. அதை மாத்தத்தான் வேணும்.

பனியன் கம்பெனி, விசைத்தறி, நூல் மில் ஆட்களுக்கு இன்னொன்று. கேபிள் சரியாக உட்காரவில்லை, ஆட்டினால்தான் ஏறுகிறது என்றால் போர்ட் போச்சு என்று முடிவு கட்டாதீங்க. டார்ச் அடித்து டைப் சி ஓட்டைக்குள் பாருங்க. பாக்கெட்டில் இருந்தபோது உள்ளே போன பஞ்சை, ஒவ்வொரு தடவையும் கேபிளே குத்திக் குத்தி அடியில் சாம்பல் நிறத்தில் அட்டை மாதிரி இறுக்கியிருக்கும். போனை அணைத்துவிட்டு, மரத்தில் செய்த பல்குத்தியின் நுனியைச் சீவி, ஓரமாகவே விட்டுக் கிளப்புங்க. நடுவில் ஒரு நாக்கு இருக்கிறது, அதைத் தொடக்கூடாது. ஊக்கு, ஊசி வேண்டவே வேண்டாம்.

சார்ஜரில் அடியில் ஐஎஸ்ஐ மாதிரி முத்திரையும், ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்க. வேறு கம்பெனி சார்ஜரில் மெதுவாக ஏறினால் பயப்பட ஒண்ணுமில்லை. ரெண்டும் ஒரே வேக முறையில் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். மெதுவாக ஏறுவது பேட்டரிக்கு நல்லதே.

கேள்விக்கு வெளியே ஒரு ஆத்தாமை. முன்னெல்லாம் நகத்தில் பின்மூடியைக் கிளப்பினால் பேட்டரி கையில் வரும். இப்போது பசை போட்டு ஒட்டி, மாத்துவதற்கே ஆள் தேட வைத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரியிலிருந்து வாங்கினவரே கழட்டி மாத்தும்படி இருக்கவேணும் என்று, சில விலக்குகளோடு, சட்டம் வந்தாச்சு. இங்கே அதைப் பற்றிப் பேச்சையே காணோம். டப்பாவில் சார்ஜரையும் எடுத்துவிட்டு அதைச் சுற்றுச்சூழல் கணக்கில் எழுதுகிற கூத்து வேறு.

வெளிக்கடையில் மாத்தினால் பழைய பேட்டரியின் லேபிளைப் புதுசோடு ஒப்பிட்டுப் பாருங்க. பழசில் 3.87 வோல்ட், சார்ஜ் வரம்பு 4.45 என்று இருந்து, புதுசில் 3.7, 4.2 என்று இருந்தால் போடாதீங்க. போன் 4.45 வரை ஏத்தும், அந்தச் செல் அதைத் தாங்காது. தயாரித்த தேதி ரெண்டு வருஷத்துக்கு முந்தியது என்றாலும் வேண்டாம். பின்மூடி ஓரம் தூக்கியிருந்தாலோ திரை விளிம்பில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பிவிட்டது. அமுக்காதீங்க, குத்தாதீங்க, சார்ஜில் போடாதீங்க. அணைத்து, எரியாத இடத்தில் தனியாக வைத்து, அன்னைக்கே சர்வீஸில் கழட்டச் சொல்லுங்க. கழட்டினதைக் குப்பைத்தொட்டியில் போடாமல் அங்கேயே ஒப்படைச்சுட்டு வாங்க.