அம்மாவோடு இன்னும் எத்தனை நாள்?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தில் தனியாக இருக்கிறார். மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறேன். கிறிஸ்துமஸுக்கும் மே மாதத்திலும் போய் வருகிறேன். ஆனாலும் வேதாகமத்தில் 90-ம் சங்கீதம் வாசித்தால் மனசு உறுத்துகிறது.
– வாசகர், பெங்களூரு

பதில்: அந்தச் சங்கீதம் கேட்கிற கணக்கைப் போட்டுவிடுவோம். ‘எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்’ என்கிறது 12-ம் வசனம். தடவைக்கு 4 நாள் என்றால் வருஷத்துக்கு 8 நாள். கர்த்தர் அம்மாவுக்கு இன்னும் 10 வருஷம் கொடுத்தாலும் மொத்தம் 80 நாள். மூன்று மாதம்கூட இல்லை. அதிலும் கிறிஸ்துமஸ் வாரத்தில் அம்மா அடுப்படியில் நிற்பார், நீங்கள் விருந்தாளிகளோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

பண்டிகை இல்லாத மாதங்களில் இரண்டு பயணம் கூட்டுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. ஊரிலிருந்து கிளம்பும்போதே அடுத்து வரும் தேதியை அம்மாவின் காலண்டரில் வட்டமிட்டுவிட்டு வாருங்கள்.

போனதும் மருந்துச் சீட்டுகளையெல்லாம் எடுத்து, மருந்தின் மூலப்பெயர், மில்லிகிராம், எந்த வேளை என்று ஒரே தாளில் எழுதுங்கள். இரண்டு டாக்டர்கள் ஒரே மருந்தை வேறு வேறு கம்பெனிப் பெயரில் எழுதியிருந்தால் அப்போதுதான் கண்ணில் படும்.

சர்க்கரை இருக்கிறதா? பெரிய வியாழன்தோறும் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய பகுதியைக் கேட்கிறோம். அம்மாவின் உள்ளங்காலைப் பார்த்து எத்தனை நாளாயிற்று? சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் சூடு உறைக்காமல் போகலாம். அதனால் வெதுவெதுப்பான தண்ணீரை உங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்தே ஊற்றுங்கள். விரலிடுக்கில் ஈரம் நின்றால் புண்ணாகும், நன்றாக ஒற்றியெடுங்கள். க்ரீமைப் பாதத்துக்கு மட்டும் தடவுங்கள், இடுக்கில் வேண்டாம்.

குரலையும் பதிவு செய்துவையுங்கள். ஃபேனை நிறுத்தி, மடித்த துண்டின்மேல் போனை ஒரு முழ தூரத்தில் வைத்தால் போதும். ‘உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்கம்மா’ என்று தொடங்கினால் பேச்சே வராது. குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் பிறப்பு, ஞானஸ்நானத் தேதிகள் எழுதியிருந்தால், அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: தசமபாகமும் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) ஆலயக் கட்டட நிதியும் கொடுத்தபிறகு அம்மாவின் மருந்துக்குப் பணம் மிஞ்சுவதில்லை. தேவனுக்குத்தானே முதலிடம்?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: மாற்கு 7:9-13 உங்களுக்கென்றே எழுதியது போலிருக்கிறது. பெற்றோருக்கு உதவ வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது காணிக்கை, என்று சொல்லிவிட்டால் பிள்ளை அந்தக் கடமையிலிருந்து கழன்றுகொள்ள அன்றைய பாரம்பரியம் இடம் கொடுத்தது. தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று இயேசு கண்டித்தது அதைத்தான். தன் வீட்டாரை விசாரியாதவன் ‘அவிசுவாசியிலும் கெட்டவன்’ என்று 1 தீமோத்தேயு 5:8 இன்னும் காரமாகச் சொல்கிறது.

சம்பளம் வந்த அன்றே மருந்துப் பணத்தைத் தனியாக எடுத்துவைத்துவிட்டுப் பிறகு மற்றதைப் பாருங்கள். கட்டட நிதிக்குப் போதகரிடம் தவணை கேட்கலாம். மருந்துக் கடைக்காரரிடம் அப்படித் தவணை கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்!

கேள்வி: அம்மா கேட்டதையே பத்துத் தடவை கேட்கிறார். பொறுமை போய்க் கத்திவிடுகிறேன்.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: ‘உன் தாய் வயதுசென்றவளாகும்போது அவளை அசட்டைபண்ணாதே’ என்கிறது நீதிமொழிகள் 23:22. வயது போனபிறகுதான் அசட்டை எளிதாக வரும் என்று தெரிந்தே எழுதிய வசனம்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று வந்ததா? சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுவது, சோடியம் அல்லது சர்க்கரை குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இவற்றில் ஏதாவது காரணமாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பல நேரம் சரியாகிவிடும். மெல்ல மெல்ல வந்த மறதி என்றாலும் ஒருமுறை காட்டியே ஆக வேண்டும்.

‘இப்பத்தானே சொன்னேன்’ என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். சொன்னது அவருக்கு நினைவில்லை, கத்தியது மட்டும் மனசில் நிற்கும். கேட்பதற்கு இரண்டு மூன்று வார்த்தையில் பதில் சொல்லி, அன்றைய கிழமையையும் யார் வருகிறார்கள் என்பதையும் ஒரு சிலேட்டில் எழுதி அவர் உட்காரும் இடத்துக்கு எதிரே மாட்டுங்கள். பதற்றம் கூடினால் சிறுவயதில் கற்ற கீர்த்தனையை எடுத்துவிடுங்கள். உங்கள் பெயர் மறந்தவருக்கும் இரண்டாம் சரணம் வரிசை மாறாமல் வரக்கூடும்.